காட்டின் கும்பகம்

இரவில் புளியமரத்தடியில் படுக்காதே, பேய் அடித்துவிடும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு, பள்ளிக்கூடம் போய் நாலெழுத்துப் படித்த என் தலைமுறைக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. பேயுமில்லை, பிசாசுமில்லை, பகலில் கரியமிலவாயுவை உண்டு பிராணவாயுவை வெளியிடும் மரமானது, இரவில் அந்தத் தொழிலை நிறுத்திவிட்டு நம்மைப்போலவே மூச்சுவிட்டுக் கரியமிலவாயுவைக் கக்குகிறது, கீழே படுத்தவனுக்கு மூச்சு முட்டுகிறது, அதைத்தான் முன்னோர் பேய் என்று சொல்லிவைத்தார்கள் என்று எங்கள் வாத்தியார் விளக்கினார். மூடநம்பிக்கையையும் ஒழித்து முன்னோர் பெருமையையும் காத்துக்கொண்ட அந்தச் சாமர்த்தியம் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிற்காலத்தில் யோசித்துப் பார்க்கையில்தான் அந்தச் சமாதானம் பாதி மெய், மறுபாதி பேயைப்போலவே கற்பனை என்று விளங்கியது. மரம் இரவில் கரியமிலவாயுவை விடுகிறது என்பது மெய். திறந்த வெளியில் நிற்கும் ஒரு மரத்தின் இராக்கால மூச்சு கீழே படுத்தவனைத் திணற அடித்துவிடும் என்பது பொய்; ஒரே பாயில் ஒட்டிப் படுத்திருக்கும் தம்பியின் மூச்சு அதைவிட அவனுக்குச் சமீபமானது.

மரத்தின் அந்த இராக்கால மூச்சைக் குடுவையில் பிடித்து அளந்தவர் ஒருவர் உண்டு. 1955ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பசிபிக் கடலோரத்திலுள்ள பிக் ஸர் வனத்தில், வானளாவிய ரெட்வுட் மரங்களின் கீழே முகாமிட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை உறக்கப்பையிலிருந்து எழுந்து வந்து, உள்ளிருந்த காற்றெல்லாம் முன்னமே உறிஞ்சி எடுக்கப்பட்ட கண்ணாடிக் குடுவையின் வாயைத் திறந்து, வனத்துக் காற்றை அதில் நிரப்பி மூடிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்ட சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் ரசாயன நிபுணருக்கு அப்போது வயது 27. குடுவைகளை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது, இரவுக் காற்றில் கரியமிலவாயு மிகுந்தும் பிற்பகலில் குறைந்தும் இருப்பதையும், வெவ்வேறிடங்களில் எடுத்த காற்றாயினும் பிற்பகல் அளவு மட்டும் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 310 பங்கு என்ற எண்ணையே சுற்றி நிற்பதையும் அவர் கண்டார். இரவில் மரங்களுக்கிடையே தேங்கிய மூச்சு, வெயிலேறிக் காற்றுக் கலங்கியதும் உலகத்தின் பொதுக்காற்றோடு போய்க் கலந்துவிடுகிறது என்பதே இதன் தாத்பரியம்.

அந்தப் பொதுக்காற்றையே அளந்துவிடும் நோக்கத்தோடு 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் அவர் தொடங்கிய கணக்கு இன்றளவும் நடந்துவருகிறது. தொடங்கியபோது சுமார் 315 பங்கு. இன்று 420ஐயும் கடந்துவிட்டது. கீலிங் வளைகோடு என்று உலகப் பிரசித்தி பெற்ற அந்தக் கோடு ஏறிக்கொண்டே போவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அது ரம்பப் பல்லைப்போல் ஆண்டுதோறும் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதை உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு. மே மாதத்தில் உச்சிக்கு வரும் அளவு, வடகோளத்துக் காடுகள் தளிர்த்து வாயுவை உறிஞ்சத் தொடங்கியதும் இறங்கி, இலையுதிர்காலத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, உதிர்ந்தவை மக்க மக்க மறுபடியும் ஏறுகிறது. பிக் ஸர் வனத்தில் ஓர் இரவில் கண்ட மூச்சையே, பூமண்டலம் முழுவதும் ஓராண்டில் இழுத்து விடுவதாக மௌனா லோவாவில் அவர் மறுபடியும் கண்டார்.

நம் யோக சாஸ்திரத்தில் மூச்சை மூன்றாகப் பிரிப்பார்கள். உள்ளே இழுப்பது பூரகம். வெளியே விடுவது ரேசகம். இழுத்ததை உள்ளே நிறுத்திவைப்பது கும்பகம். திருமூலர் சொல்லும் கணக்கில் பூரகத்துக்கு 16 மாத்திரை, ரேசகத்துக்கு 32, கும்பகத்துக்கோ 64. காடுகளைப் பற்றி நாம் பேசும் பேச்செல்லாம் பெரும்பாலும் பூரகத்தோடு நின்றுவிடுகிறது; ஒரு மரம் ஆண்டுக்கு எத்தனை கிலோ கரியமிலவாயுவை உறிஞ்சும், ஆகவே லட்சம் கன்று நட்டால் எவ்வளவு லாபம் என்று பெருக்கிக் காட்டிவிட்டு மாலையைக் கழற்றிவைத்துப் போய்விடுகிறார்கள். உறிஞ்சியதில் பெரும்பகுதியைக் காடு உடனுக்குடன் திருப்பி விட்டுவிடுகிறது. உறிஞ்சியதில் எவ்வளவு, எத்தனை காலம் உள்ளே நிற்கிறது என்பதுதான் சீதோஷ்ணத்தின் கணக்கில் ஏறும். ஆதலால், உலகம் உஷ்ணமாகும்போது காடு இழுக்கும் மூச்சு குறைகிறதா என்பதைவிட, இழுத்ததை நிறுத்திவைக்கும் திராணி அதற்குக் குறைகிறதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

இழுத்த மூச்சு உள்ளே என்னவாக நிற்கிறது என்பதை மனிதர் அறிந்துகொள்ளவே நெடுங்காலம் பிடித்தது. 17ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரப் பக்கத்தில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்னும் வைத்தியர், உலர்த்திய மண் 200 ராத்தலை ஒரு தொட்டியிலிட்டு, அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் வார்த்து 5 ஆண்டுகள் வளர்த்தார். முடிவில் மரத்தின் எடை 169 ராத்தலும் சொச்சமும். மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். ஆகவே மரமென்பது தண்ணீர் திரண்டு உண்டானதே என்று தீர்மானித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், 'காஸ்' என்ற சொல்லையே உலகுக்குத் தந்தவர் அவர்தான். 62 ராத்தல் மரக்கரியை எரித்தால் 1 ராத்தல் சாம்பலே மிஞ்சுகிறது, மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவாய்ப் போய்விடுகிறது என்று கண்டு, அதற்குக் காட்டு வாயு என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டியவரும் அவரே. மரம் காட்டு வாயுவாகிறது என்று அறிந்தவருக்கு, காட்டு வாயுவே மரமாகிறது என்று தோன்றவில்லை. கேள்வியை ஒரு கையிலும் விடையை மறுகையிலும் வைத்திருந்த அந்த மகான் இரண்டு கைகளையும் சேர்க்காமலே 1644இல் காலமானார். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரி. அந்தக் கரி முழுவதும் காற்றிலிருந்து இலைத்துளைகளின் வழியாக உள்ளே வந்தது. தேக்குக் கட்டிலில் படுத்திருப்பவன் ஒரு காலத்துக் காற்றின்மேல் படுத்திருக்கிறான்.

வந்ததெல்லாம் கட்டிலாக நிற்பதில்லை. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையில் சுமார் பாதியை மரம் தன் ஜீவனத்துக்கே செலவிட்டு, கரியமிலவாயுவாகத் திருப்பி விட்டுவிடுகிறது. எஞ்சியது இலையாக, கிளையாக, வேராக, அடிமரமாக உருவெடுக்கிறது; அதிலும் இலையும் நுண்வேரும் அற்பாயுளில் மடிந்து மண்ணைச் சேர, பூஞ்சையும் நுண்ணுயிரும் கறையானும் மண்புழுவும் அவற்றைத் தின்று, தின்ற கையோடு தாமும் மூச்சுவிடுகின்றன. அடிமரத்தில் ஏறிய கரிக்கு நூறு, இருநூறு ஆண்டு ஆயுள். மண்ணுக்கடியில் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்ட மக்குக்குச் சிலவேளை ஆயிரம் ஆண்டு. அமேசான் காடு உலகத்தின் நுரையீரல் என்றும், நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் ஐந்திலொரு பங்கு அங்கிருந்து வருகிறதென்றும் மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். முதிர்ந்த காடானது தான் வெளியிடும் பிராணவாயுவைத் தன் மூச்சுக்கும் தன் மண்ணின் மூச்சுக்குமாக ஏறக்குறைய முழுவதும் செலவிட்டுவிடுவதால் அந்தப் பேச்சில் சாரமில்லை. அமேசானின் மகிமை அது தருவதில் இல்லை, தராமல் வைத்திருப்பதில் இருக்கிறது. மரத்திலும் மண்ணிலுமாக அது அடக்கிவைத்திருக்கும் கரி 15,000 கோடி டன் அளவில் வரும். உலகம் முழுவதும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து நாம் ஓராண்டில் வெளியேற்றும் கரியைப்போல் அது சுமார் 15 மடங்கு.

நாம் வெளியேற்றும் கரியமிலவாயுவில் பாதிக்குச் சற்றுக் குறைவே காற்றில் தங்குகிறது. கால்பங்கைக் கடல் ஏற்றுக்கொள்ள, பத்தில் மூன்று பங்களவு நிலத்துத் தாவரங்களும் மண்ணும், அவற்றுள்ளும் முக்கியமாகக் காடுகள், ஏற்றுக்கொள்கின்றன. பழைய பாக்கியில் ஒரு பகுதியை யாரோ சொல்லாமல் செலுத்திவருவதுபோன்ற இந்த உபகாரம் எப்படி நடக்கிறது என்று அறிய, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீட்டர்ஷாம் என்னும் சிற்றூரை அடுத்து ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பராமரித்துவரும் காட்டுக்குப் போகவேண்டும். நான் போனதில்லை, அதைப் பற்றிப் படித்துப் படித்துப் போய்வந்தவன்போல் ஆகிவிட்டேன். மரத்தலைகளுக்கு மேல் எழும் இரும்புக் கோபுரத்தின் உச்சியில், மேலே போகும் காற்றையும் கீழே வரும் காற்றையும் வினாடிக்குப் பலமுறை சோதித்து, எதில் எவ்வளவு கரியமிலவாயு இருக்கிறதென்று இராப்பகலாகக் குறித்துவரும் கருவிகள் அங்கே 1990களின் தொடக்கம் முதல் இடையறாது வேலை செய்கின்றன. 1992 முதல் 2004 வரையிலான கணக்கில், ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரி 2.5 டன் கரி உள்ளே தங்கியது. காடு இழுத்தது அதைப்போல் ஐந்து மடங்குபோல் வரும்; மற்றதெல்லாம் ரேசகம்.

அந்த 2.5 டன் ஏன் தங்கியது என்பதற்கு விடை கோபுரத்தின் உச்சியில் இல்லை, அதன் காலடியில் கிடக்கிறது. அந்தக் காட்டுக்குள் நடந்தால், ஒருவரும் குடியில்லாத மரக்கூட்டத்தின் நடுவே, முழங்காலளவுக்கும் இடுப்பளவுக்கும் கல்லடுக்கிய பழைய வேலிச்சுவர்கள் நேர்கோடாக ஓடுவதைக் காணலாம் என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அது வயலும் மேய்ச்சலுமாக இருந்த பூமி. மேற்கே வளமான நிலம் இருக்கிறதென்று குடியானவர்கள் கைவிட்டுப் போக, மரம் மெல்ல மெல்லத் திரும்பி வந்து குடியேறியது. அதற்குமேல் 1938ஆம் ஆண்டுச் சூறாவளி பெருமரங்களை வீழ்த்தியது. ஆக, அந்தக் காடு நோய்ப்பட்டுத் தேறிவரும் உடம்பு பசித்துச் சாப்பிடுவதுபோல் கரியை உண்டு பருத்துவருகிறது. வடதேசங்களின் காடுகள் பலவற்றின் உபகாரமும், ஓரளவு, இப்படிப்பட்ட தேறுதலின் பயனே. தேறிமுடிந்த உடம்பு அதே பசியோடு உண்ணுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அதே காட்டில் ஜெரி மெலில்லோ என்னும் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 1991இல் தொடங்கிய ஒரு பரிசோதனை, என் மனத்தில் மிகவும் தைத்தது. 6 மீட்டருக்கு 6 மீட்டர் பாத்திகளாகத் தரையைப் பிரித்து, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மின்கம்பிகளைப் புதைத்து, சுற்றுப்புற மண்ணைவிட எப்போதும் 5 டிகிரி அதிகமாக அந்த மண்ணைச் சூடேற்றி வைத்தார்கள். மண்ணைத் தோண்டிய அலைச்சலே மாறுதலுக்குக் காரணமாகிவிடக்கூடாதே என்று, சில பாத்திகளில் கம்பியைப் புதைத்துவிட்டு மின்சாரம் மட்டும் விடாமல் வைத்த அந்த ஜாக்கிரதையைப் படித்தபோது, பத்தியச் சாப்பாட்டில் உப்புப் பார்க்கும் பாட்டிமார் நினைவுக்கு வந்தார்கள். பனிக்காலத்தில் காடு முழுவதும் வெள்ளைப் போர்வை மூடிக்கிடக்க, சூடேற்றிய பாத்திகள் மட்டும் சதுரம் சதுரமாகப் பழுப்புச் சருகு தெரியக் கிடக்குமாம். முதல் பத்தாண்டில் அந்தப் பாத்திகளிலிருந்து கரியமிலவாயு வேகமாக வெளியேறியது; மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எளிதில் செரிக்கக்கூடியதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டன. பிறகு சுமார் ஏழாண்டுக் காலம் ஓய்வு. இனி ஒன்றுமில்லை என்று எண்ணத்தக்க அமைதி. அதற்குப்பின் மறுபடியும் வெளியேற்றம் கிளம்பியது: ஓய்ந்திருந்த காலத்தில் நுண்ணுயிர்ச் சமூகமே மாறி, முன்பு பல்லுக்கு அகப்படாத கடினமான மக்கையும் மென்று தின்னத்தக்கவை தலையெடுத்துவிட்டன. பின்னர் மறுபடியும் ஓய்வு. 26 ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்தபோது, மேல்மண் 60 சென்டிமீட்டரில் இருந்த கரியில் 17 சதவிகிதம் காற்றோடு போயிருந்தது. பத்தாண்டில் ஆராய்ச்சியை மூட்டை கட்டியிருந்தால் ஆரம்ப வேகம் மட்டும் தெரிந்திருக்கும். பதினைந்தாண்டில் கட்டியிருந்தால் மண் தேறிவிட்டது என்று சுபம் போட்டிருப்பார்கள். மூன்றாண்டுத் திட்டங்களுக்கே பணம் கொடுத்துப் பழகிய உலகில், ஒரு பாத்தியைக் கால் நூற்றாண்டு சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒருவகைத் தவம்தான்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது தர்மமல்ல. கரியமிலவாயு மரத்துக்கு உணவாதலால், காற்றில் அது மிகுந்தால் மரமும் மிகுதியாக உண்டு கொழுத்து, நாம் விடுவதை அதுவே அடக்கிக்கொள்ளும் என்பார்கள். பூரகம் பெருத்திருக்கிறது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 45ஆம் அட்சரேகைக்கு வடக்கே, ஆண்டுக்கொருமுறை ஏறி இறங்கும் அந்த ரம்பப் பல்லின் உயரம் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்ததைவிடப் பாதியளவு அதிகரித்திருப்பதாக விமானங்களிலிருந்து எடுத்த அளவுகள் காட்டின. ஆனால் சிட்னி நகருக்கு மேற்கே, முதிர்ந்த யூகலிப்டஸ் மரங்களைச் சுற்றிக் குழாய்க் கம்பங்களை வட்டமாக நிறுத்தி, இந்த நூற்றாண்டின் நடுவில் உலகக் காற்று எப்படியிருக்கலாமோ அப்படிப்பட்ட காற்றை அம்மரங்களுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவு என்ன? மரங்கள் 12 சதவிகிதம் அதிகமாக உண்டன. அடிமரமோ கூடுதலாகப் பருக்கவில்லை. பாஸ்பரஸ் சத்துக்கு வறட்சியான மண் அது. உண்ட சர்க்கரையைக் கட்டையாக்க வேண்டிய மற்ற சத்துக்கள் கிட்டாமல், மரம் அதை வேர்வழியே மண்ணுக்கு அனுப்ப, மண் அதைப் பெரும்பாலும் மூச்சாகவே வெளியேற்றிவிட்டது. இழுத்தது அதிகம், விட்டதும் அதிகம், நின்றது ஒன்றுமில்லை. கும்பகமில்லாத பூரகம் வெறும் பெருமூச்சுத்தானே.

நம் பக்கத்திலும் இந்தக் கணக்கு நடக்கிறது. முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் பரப்பை 1988இல் பாத்திகட்டி, 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள செடியிலிருந்து பெருந்தேக்குவரை ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தார் கணக்கெடுத்துவருகிறார்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நம் மார்பு மட்டத்தில், நாடாவைச் சுற்றி அளப்பதுதான் வேலை; கேட்க எளிது. இடுப்பளவு உன்னிப்புதரை விலக்கி, யானைச் சத்தம் கேட்கிறதா என்று காதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, போனமுறை அளந்த அதே இடத்தில் நாடாவை வைப்பது அத்தனை எளிதல்ல. விரற்கடை இறங்கினாலும் பருத்தது போலவோ இளைத்தது போலவோ பொய்க்கணக்கு வரும். எது பிழைத்தது, எது செத்தது என்பது ஆண்டுதோறும்; பருமன் நான்காண்டுக்கு ஒருமுறை. தேக்கும் வெக்காலியும் கருமருதும் கொன்றையும் கலந்த அந்த வறண்ட காட்டில், கோடைத்தீ சிறு கன்றுகளைத் தீய்த்துவிட்டுப் பெருமரங்களின் பட்டையைக் கருக்கியதோடு போய்விடுகிறது. யானையோ தீக்குத் தப்பியதை ஒடித்துத் தின்கிறது. கிடியா என்னும் மரவகை அங்கே மிகவும் அருகிப்போனதற்கு யானையின் நாக்கு ருசியே முக்கியக் காரணம். கரிக்கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளைக்கு யானை ஒரு பெருஞ்சங்கடம்.

கோடை முடிந்து முதல் மழை இறங்கும் மாலையில் அப்படிப்பட்ட காட்டோரத்தில் நின்றவர்களுக்கு அந்த வாசனை தெரியும். அந்த நேரத்தில் மூக்குக்குத் தெரியாத இன்னொன்றும் மண்ணிலிருந்து கிளம்புகிறது. மாதக்கணக்கில் காய்ந்து உறங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் ஈரம் பட்டவுடன் விழித்து, செத்துக்கிடந்த தம் இனத்தையும் சருகின் சாரத்தையும் அவசர அவசரமாகத் தின்று, குப்பென்று கரியமிலவாயுவை விடுகின்றன. 1950களில் கென்யாவில் மண்ணை ஆராய்ந்த பர்ச் என்பவர் இதை விளக்கமாக எழுதியதால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. வறட்சி நீண்டு, மழை விட்டுவிட்டுக் கொட்டும் காலங்களில் இந்தக் குப்பென்ற மூச்சும் அடிக்கடி வருமல்லவா?

மண் மெதுவாகச் செய்வதைப் பூச்சியும் நெருப்பும் ஒரே மூச்சில் செய்துவிடுகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் மரப்பட்டையைத் துளைத்து வாழும் ஒரு வண்டு உண்டு. ஓர் அரிசிமணி அளவு. பட்டைக்கடியில் குடும்பம் நடத்துவதோடு நில்லாமல், நீலக்கறை படியச் செய்யும் பூஞ்சையொன்றையும் கூட்டிவந்து மரத்தின் நீரோட்டத்தையே அடைத்துக் கொன்றுவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 35, 40 டிகிரி வரையில் இறங்கும் கடுங்குளிர் அந்த வண்டின் புழுக்களைக் கொன்று, அதை ஓர் அளவில் வைத்திருந்தது. அப்படிப்பட்ட குளிர் அருகியதும் வண்டு பெருகி, தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்புள்ள காட்டில் பரவியது. 2000 முதல் 2020 வரையில் அதனால் 27 கோடி டன் கரிக்கு நஷ்டம் நேரும் என்றும், கரியை வாங்கிக்கொண்டிருந்த காடு கொடுக்கும் காடாக மாறிவிட்டதென்றும் 2008இல் வெர்னர் குர்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் கணித்தார்கள். 2023 கோடையிலோ அதே கனடாவில் தீப்பற்றி, மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்தே மாதத்தில் சுமார் 65 கோடி டன் கரி புகையாய்ப் போயிற்று. சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று தேசங்களைத் தவிர வேறெந்த தேசமும் எரிபொருள் எரித்து ஓராண்டில் அவ்வளவு விடுவதில்லை.

அமேசானின் கதையைக் கண்ணாடிக் குடுவையே மறுபடியும் சொல்லிற்று. பிரேசில் தேசத்து லூசியானா கட்டி என்னும் அம்மையார் 2010 முதல் 2018 வரை நான்கு இடங்களில் சிறு விமானங்களை அனுப்பி, நான்கு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து மரத்தலைகளை நோக்கிச் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டே குடுவைகளில் காற்றைப் பிடிக்கச் செய்தார். அப்படி 590 தடவை. 2021இல் அவர் வெளியிட்ட முடிவு, மேற்குப் பகுதியில் காடு இன்னும் சமநிலைக்கு அருகே நிற்க, தென்கிழக்குப் பகுதி இழுப்பதைவிட அதிகம் விட்டுக்கொண்டிருக்கிறது என்பது. அங்கே காடழிப்பும் அதிகம். வறண்ட மாதங்களின் உஷ்ணமும் அங்கேதான் மிகவும் ஏறியிருக்கிறது. மரம் வெட்டப்பட்டதனால் மழை குறைந்தும், மழை குறைந்ததனால் நிற்கும் மரம் வாடியும், வாடியதில் தீப்பற்றியும், ஒன்றுக்கொன்று காரணமும் காரியமுமாகிச் சுழல்கின்றன.

இதுவரை கரியமிலவாயுவை மட்டுமே பேசினேன். அதைவிட வீரியமான மீத்தேன் வாயுவிலும் காட்டுக்குப் பங்கு உண்டு. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, அது கரியமிலவாயுவைப்போல் 28 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்துவைக்கும். அமேசானில் வெள்ளம் புகுந்து நிற்கும் தாழ்நிலங்களில், காற்றுப்புகாத சேற்றில் உண்டாகும் மீத்தேன் மரத்தின் வேரில் ஏறி அடிமரத்தின் வழியாகப் புகைபோக்கியில் வருவதுபோல் வெளியே வருகிறதென்றும், அமேசான் விடும் மீத்தேனில் ஏறக்குறையப் பாதி இவ்வழியே வருகிறதென்றும் சுனிதா பங்கலாவின் குழுவினர் 2017இல் காட்டினார்கள். காட்டைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றுவதற்குள், 2024இல் இன்னொரு குழு, மேட்டுநிலத்து மரங்களின் பட்டையில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள மீத்தேனைத் தின்கின்றன என்று சாட்சியோடு வந்துவிட்டது. அடிமரம் நீரில் நின்றால் விடும், மேட்டில் நின்றால் வாங்கும். காட்டின் சுபாவத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முயல்பவர்களுக்கு இது நல்ல தண்டனை.

கும்பகத்தில் கைதேர்ந்தது எது என்று கேட்டால், மரமே இல்லாத ஓரிடத்தைத்தான் நான் காட்டுவேன். உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவில், புல்மேடுகளுக்கிடையே நீர் தேங்கும் பள்ளங்களில், புல்லும் கோரையும் மடிந்து மடிந்து, குளிராலும் நீராலும் முழுவதும் மக்க மாட்டாமல் கறுத்து அடுக்கடுக்காகப் படிந்த பீட் மண் இருக்கிறது. அந்த அடுக்குகளைத் துருவி எடுத்து அதிலுள்ள கரியின் கன அணுக்களைக் கணக்கிட்ட சுகுமார், ரமேஷ் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அங்கே அடங்கியிருப்பது சுமார் 20,000 ஆண்டுக் காற்று. உலகம் பனியூழியில் உறைந்த வறண்ட காலத்தில் புல் மேலோங்கியதும், சுமார் 10,000 ஆண்டுக்குமுன் பருவமழை வலுத்தபோது ஈரத்தை விரும்பும் தாவரங்கள் பெருகியதும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தப் புல்மேடுகளைத்தான், மரமில்லாத வீண்நிலமென்று, வெள்ளைக்காரன் காலம் முதல் வெகுகாலம் வரையில் சீகையும் யூகலிப்டஸும் நட்டு நிரப்பினார்கள். மரம் நின்றது, கண்ணுக்கு. புல்லாயிருந்தபோது ஓடிய நீரளவு பள்ளத்தாக்குகளில் ஓடவில்லை என்று அதே மலையிலுள்ள கிளென்மார்கனில் செய்த அளவைகள் பின்னால் சொல்லின. நீர் வடிந்த பீட்டுக்குள் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் நுண்ணுயிர் விழிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்தில், வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் காரட் பயிரிட்டிருந்த ஒரு பள்ளத்து நிலத்தின் ஓரத்தில் நின்றேன். மண் கன்னங்கரேலென்று, கையில் அள்ளினால் கனமில்லாமல், விரலிடையில் தேய்த்தால் நாரோடும் பொடியோடும் உதிர்ந்தது. உரம் அதிகம் கேட்காத மண், சார், என்று நிலத்துக்காரர் பெருமையோடு சொன்னார். வேலிக்கு நட்டிருந்த கல்தூண் ஒன்றின் அடியில், மற்ற பாகத்தைப்போல் பாசியும் கறையும் ஏறாமல், ஒரு சாண் உயரத்துக்குப் புதுக்கல்போல் வெளுத்துத் தெரிந்தது. அவர் அப்பா நட்ட தூணாம். அப்போது அது மண்ணுக்குள் இருந்ததாம். அந்த ஒரு சாண் மண் எங்கே போயிற்று என்று கேட்டேன். மழை அடித்துக்கொண்டு போயிருக்கும், சார், என்றார். எங்கள் வாத்தியாரின் புளியமரத்துச் சமாதானத்தைப்போல் அதுவும் பாதி மெய்.